கோழித் தாத்தா கோயில்

லூப் இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கண்ணாடி அது. சாவிக்கொத்தோடு சேர்ந்து கால்சட்டைப் பையில் கிடக்கும். பாங்காக்கில் சிலோம் பக்கம், மகேசக் சாலையில் கல் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஊர் சுற்றப் போகும்போது அது எதற்கு என்று என் மனைவி கேட்பாள். அந்தப் பயணத்தில் அது ஒரே ஒரு தடவைதான் வெளியே வந்தது. அந்த ஒரு தடவைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2024 டிசம்பர் 5 வியாழக்கிழமை தாய்லாந்தில் விடுமுறை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு போட்டால் நாலு நாள் கிடைக்கும். செந்தில் ஐ.டி. ஆள், மதுரைக்காரன், பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். அடுத்தவர் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், சிலோமில் முப்பது வருடமாக நீலமும் மாணிக்கமும் பார்க்கிறவர், அறுபதைத் தாண்டியவர். அவர் ஊரில் காக்கா என்றால் அண்ணன், நாங்கள் எல்லாரும் அவரை அப்படியே கூப்பிடுவோம். கோயில் பார்க்க வருகிறீர்களா என்று தயங்கித்தான் கேட்டேன். "கல்லுதானே தம்பி, பாக்கலாம்" என்றார்.

நாலாவது ஆள் லெக். எங்கள் ஆபீசில் கல் தரம் பிரிக்கும் மேசையில் இருபது வருடமாக இருக்கிறவர். என்னைவிட மூத்தவர், அதனால் 'பீ லெக்'. தாய் மொழியில் பீ என்பது அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொது, இவர் அக்கா. அவருக்குச் சொந்த ஊர் சுரின் மாகாணம், கம்போடிய எல்லையை ஒட்டிய கிராமம். "எல்லைக் கோயில் பாக்கணும்னா எங்க வீட்டுல தங்குங்க, அம்மா சமைப்பாங்க" என்றார். திட்டம் போட்டது அவ்வளவுதான்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். நகரத்தைத் தாண்டி 24ஆம் எண் சாலையைப் பிடித்த பிறகு, ஒரு பக்கச் சாலையை முழுக்க மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் தாளடி, நடுவில் ஒற்றை மரம், எருமை. செந்தில் வண்டியை மெதுவாக்கி, "மேலூர்ப் பக்கம் வந்த மாதிரி இருக்குடா" என்றான். பிறகு நாலு நாளும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

முதல் நாள் பனோம் ருங். அணைந்துபோன எரிமலையின் தலையில் இருக்கிறது அந்தச் சிவன் கோயில். கூட்டமும் ஐஸ்கிரீம் வண்டியும் உள்ள, நன்றாகப் பராமரிக்கிற இடம். அதைப் பற்றி நிறைய எழுதவேண்டியதில்லை, எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கிழக்கு வாசல் நிலைக்கு மேலே பள்ளிகொண்ட பெருமாள், அதற்கு மேலே பத்துக் கைகளோடு ஆடும் சிவன். கீழே இருக்கும் பெருமாள் உத்தரக் கல் 1960களில் திருடு போய், கடைசியில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் தென்பட்டது. தாய்லாந்து மக்கள் விடாமல் சண்டை போட்டு 1988இல் திரும்ப வாங்கினார்கள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அதன் எடை என்ன இருக்கும், எத்தனை ஆள் வேண்டும், எந்த லாரி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காக்காவும் அதையேதான் யோசித்திருக்கிறார். "களவாணிப் பய, கிரேன் வெச்சுத்தான் எடுத்திருப்பான்" என்றார்.

அன்று இரவு லெக் வீட்டில். அவருடைய அம்மா எங்களிடம் தாய் பேசினார், மகளிடம் க்மேர் பேசினார். சுரினில் பாதிப் பேருக்கு வீட்டு மொழி க்மேர்தான், எல்லைக்கு அந்தப் பக்கம் பேசுகிற அதே மொழி, கொஞ்சம் உச்சரிப்பு மாறும். காக்காவுக்கு ஹலால் என்பதால் அந்த அம்மா புதுச் சட்டி வாங்கி வைத்து முட்டையும் காய்கறியும் மட்டும் செய்திருந்தார். சட்டியில் கடையின் விலைச்சீட்டுகூட ஒட்டியபடி இருந்தது. காக்கா தன் டிபன் கேரியரைப் பிரிக்காமலே பையில் திரும்ப வைத்துவிட்டார்.

மறுநாள் எங்கே போகிறோம் என்று அம்மா கேட்டார். தா முயன் தோம் என்றோம். சிரித்தார். க்மேரில் 'தா' என்றால் தாத்தா, 'மொஆன்' என்றால் கோழி, 'தோம்' என்றால் பெரிய. பெரிய கோழித் தாத்தா. பக்கத்தில் இன்னொரு எல்லைக் கோயில் இருக்கிறது, தா குவாய். அது எருமைத் தாத்தா. ஒரு தாத்தா கோழி வளர்த்தார், ஒரு தாத்தா எருமை மேய்த்தார், இதற்குப் போய் இரண்டு நாட்டு ராணுவமும் நிற்கிறதே என்று அந்த அம்மா சொல்ல, லெக் மொழிபெயர்த்தார். எல்லாரும் சிரித்தோம்.

கோழித் தாத்தா கோயில் என்பது ஒன்றல்ல, மூன்று. ஒரே காட்டுப் பாதையில் அடுத்தடுத்து வரும். முதலில் வருவது க்மேர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய வழிப்போக்கர் மடத்துக் கோயில். தலைநகரம் அங்கோரிலிருந்து, இப்போது தாய்லாந்தில் இருக்கும் பிமாய் வரை போன ராஜபாட்டையில் இப்படி 17 மடங்கள் கட்டினான். அடுத்தது அவனுடைய ஆஸ்பத்திரிக் கோயில். நாடு முழுக்க 102 ஆஸ்பத்திரிகள் வைத்திருந்தான், கல்வெட்டில் அவற்றின் பெயர் ஆரோக்கியசாலை. பலகையில் தாய் எழுத்தில் இருந்ததை லெக் 'அரோக்கயசாலா' என்று வாசித்தபோது செந்தில் திரும்பிப் பார்த்து, "என்னது?" என்றான். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

மடம், ஆஸ்பத்திரி இரண்டும் கரடுமுரடான செம்பூராங்கல். வெளியே சொரசொரவென்று தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். இவற்றைத் தாண்டி ராணுவச் சாவடி. கறுப்பு உடை போட்ட தாய் எல்லைக் காவலர்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், பெயரை நோட்டில் எழுதினார்கள். காட்டுக்குள் இறங்காதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கம்போடியப் போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை இன்னமும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் பெரிய கோயில். பதினோராம் நூற்றாண்டு. க்மேர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்க்கும். இது தெற்குப் பார்க்கிறது. தெற்கே மலை சரிந்து கம்போடியாவுக்குப் படிக்கட்டாக இறங்குகிறது. அதாவது கோயிலின் முகம் அந்தப் பக்கம், நாங்கள் வந்த வழி முதுகுப் பக்கம். அப்போது தாய்லாந்துக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து எங்கள் கோயில் என்றார்கள், கம்போடியர்கள் முன்படி ஏறி வந்து எங்கள் கோயில் என்றார்கள்.

கோபுரம் பாதிதான் நிற்கிறது. போர்க்காலத்தில் சிற்பத் திருடர்கள் வெடி வைத்துப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சுவரில் தேவதைகள் இருந்த இடத்தில் உளி போட்ட பள்ளம். எனக்கு அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. கல்லை உடைப்பதிலும் ஒரு முறை உண்டு, இது அந்த முறைகூட இல்லாத வேலை. உடைத்தவனுக்குக் கல்லின் ரேகை பார்க்கவே தெரியவில்லை.

உள்ளே போனேன். கருவறை நடுவில் லிங்கம். லிங்கம் என்று நாம் நினைக்கிற உருளை வடிவம் இல்லை. தரையிலிருந்து பாறை அப்படியே முட்டிக்கொண்டு எழுந்திருக்கிறது. சுயம்பு. உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். ஆவுடைக்கும் பாறைக்கும் இடையில் இணைப்பு எங்கே என்று தேடுவது என் தொழில் புத்தி. இணைப்பே இல்லை. தரை, பீடம், லிங்கம் எல்லாம் ஒரே மலை. அபிஷேக நீர் வழிந்தோட ஒரு வாய்க்கால், நம்மூரில் கோமுகி என்போமே அது, அதே பாறையில் வெட்டி வெளியே போகிறது. இந்தப் பாறையைப் பார்த்துவிட்டு, இது இருக்கிற இடத்தில்தான் கோயில் என்று சுற்றிலும் கட்டியிருக்கிறார்கள். வாசல் ஏன் தெற்கே என்பதற்கும் மலை சரிகிற பக்கம் அது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வெடி வைத்தவன் இதை மட்டும் விட்டுவிட்டான். எடுக்க முடியாதே. எடுப்பதென்றால் மலையை எடுக்கவேண்டும்.

யாரோ ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிவப்பு ஃபாண்டா பாட்டில், ஸ்ட்ரா போட்டு. தாய்லாந்தில் எந்தச் சாமிக்கும் அது உண்டு. நான் விபூதிப் பொட்டலம் எடுத்து வந்திருந்தேன், சமயபுரத்து விபூதி. கொஞ்சம் பாறை மேல் பூசிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே முற்றத்தில், இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் ஆளுக்கொரு மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி இல்லை. நடுவே ஒரு நாய் இரண்டு பக்கமும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. கம்போடியச் சிப்பாய் ஒருவன், முப்பது வயதுக்குள் இருக்கும், லெக் க்மேர் பேசுவதைக் கேட்டதும் எழுந்து வந்தான். இவர்கள் யார், இந்தியர்களா, என்ன தொழில் என்று விசாரித்தான். கல் வியாபாரம் என்று லெக் சொல்லியிருக்கவேண்டும். உடனே விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

வெள்ளி மோதிரம், நடுவில் நீலம். அவனுடைய அப்பா பைலினில் கல் தோண்டியவராம். பைலின் என்றால் கம்போடிய நீலத்துக்குப் பேர்போன இடம், க்மேர் ரூஜ் என்ற கம்போடியக் கம்யூனிஸ்ட் படைக்காரர்கள் அந்தக் கல்லை விற்றுத்தான் பல வருடம் சண்டை நடத்தினார்கள். அப்பா சாகும்போது இந்தக் கல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனாராம். எவ்வளவு பெறும் என்று அவன் கேட்கவில்லை. நல்ல கல்லா என்று கேட்டான்.

லூப்பை எடுத்தேன். வெளிச்சத்துக்காக மர நிழலை விட்டு நகர்ந்து நின்றேன். மோதிரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இயற்கைக் கல்லுக்குள் நிறம் நேர்கோட்டுப் பட்டையாகவோ கோணம் கோணமாகவோ நிற்கும். பட்டு மாதிரி மெல்லிய ஊசிகள் தெரியும், தூசி தெரியும், ஏதாவது ஒரு குறை இருக்கும். இதில் ஒரு குறையும் இல்லை. ஓரத்தில் சாய்த்தபோது கோடுகள் தெரிந்தன. வளைந்த கோடுகள், கிராமபோன் தட்டில் இருக்குமே அந்த மாதிரி. தீயில் பொடியை உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த செயற்கைக் கல்லுக்கு அதுதான் முத்திரை.

என் அப்பா திருச்சியில் சாணை போட்டவர். மூட்டையில் வரும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிக் கிராஸ் கணக்கில், அதாவது 144 கல்லுக்கு இவ்வளவு என்று, கூலி வாங்கியவர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம்தான். வளைந்த கோட்டை நான் முதன்முதலில் பார்த்தது ஒன்பது வயதில், அப்பாவின் லூப்பில். சிப்பாய் காட்டிய கல்லின் அடிப்பக்கத்துப் பட்டையைப் பார்த்தால் எங்கள் ஊர்க் கை மாதிரியே இருந்தது. இதைச் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் இருந்தது.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் காக்கா தொண்டையைக் கனைத்தார்.

"நிறம் ரொம்ப நல்லா இருக்கு" என்று லெக்கிடம் தாய் மொழியில் சொன்னேன்.

லெக் அவனிடம் க்மேரில் ஏதோ சொன்னார். அவன் முகம் மலர்ந்துபோயிற்று. இரண்டு கையையும் கூப்பினான். மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்க மர நிழலில் இருந்தவர்களிடம் போய்க் கையை நீட்டிக் காட்டினான்.

வண்டியில் ஏறியதும் காக்கா, "செயற்கைக் கல்லுதானே?" என்றார். அவர் கையில் வாங்கவே இல்லை, நாலடி தள்ளி நின்றே பார்த்திருக்கிறார். ஆமாம் என்றேன். "நிறம் நல்லா இருக்குன்னுதானே சொன்னே, அதுல பொய் இல்லை" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா மெய்யும் இல்லை" என்றார்.

மூன்றாம் நாள் நீளமான ஓட்டம். வழியில் சிகோராபூம், ஐந்து செங்கல் கோபுரம், வாசல் உத்தரத்தில் பிரம்மா, விஷ்ணு, பிள்ளையார், உமை நாலு பேரும் கீழே இருக்க மேலே ஆடுகிற சிவன். ஒரு மணி நேரம் அங்கேயே போயிற்று. அப்புறம் கந்தரலக் வழியாக 221ஆம் சாலையில் எல்லைக்கு. சாலை முடிகிற இடம் மோ இ டேங் பாறை. அங்கிருந்து பார்த்தால் எதிரே பிரியா விகார்.

கம்போடியர்கள் பிரியா விகார் என்பார்கள், தாய்லாந்தில் காவ் பிரா விஹான். அந்தக் காலத்துப் பெயர் சிகரேஸ்வரம், மலை உச்சி ஈசன். ஐந்து கோபுர வாசல், வடக்கிலிருந்து தெற்காக 800 மீட்டர் நீளத்துக்கு ஏறிக்கொண்டே போய், கடைசிச் சந்நிதிக்குப் பின்னால் செங்குத்தாகக் கீழே விழுகிற மலை. கீழே கம்போடியச் சமவெளி. படிக்கட்டு தாய்லாந்துப் பக்கம், பள்ளம் கம்போடியப் பக்கம். இங்கே சண்டை வராமல் வேறு எங்கே வரும்?

1904 ஒப்பந்தத்தில் நீர் பிரியும் மேட்டையே எல்லையாக வைப்பதென்று சயாமும், அதாவது அன்றைய தாய்லாந்தும், கம்போடியாவை ஆண்ட பிரான்சும் பேசிக்கொண்டன. பிறகு பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடத்தில் கோயில் கம்போடியப் பக்கம் போய்விட்டது. சயாம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. 1930இல் சயாம் இளவரசர் தாம்ரோங் கோயிலைப் பார்க்கப் போனபோது, பிரெஞ்சு அதிகாரி தன் நாட்டுக் கொடியை ஏற்றி வைத்துக்கொண்டு வரவேற்றார். இளவரசர் அப்போதும் எதுவும் சொல்லவில்லை, ஊர் திரும்பி எடுத்த படங்களை அனுப்பி நன்றிதான் சொன்னார். உலக நீதிமன்றத்தில் இதெல்லாம் எடுபட்டது. 1962 ஜூன் 15, ஒன்பதுக்கு மூன்று என்று கம்போடியாவுக்குத் தீர்ப்பு. மரியாதைக்குச் சும்மா இருந்தால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள் போலிருக்கிறது.

அந்த வழக்குச் செலவுக்கு தாய்லாந்தில் ஆளுக்கு ஒரு பாட், அவர்கள் நாணயம், வசூல் செய்தார்கள். லெக்கின் அப்பா பள்ளிக்கூடத்தில் கொடுத்தாராம். தோற்ற பிறகு தாய் ராணுவம் கோயிலிலிருந்த கொடியைக் கம்பத்தை விட்டு இறக்கவில்லை, கம்பத்தோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பாறையில் நட்டது என்று இங்கே சொல்வார்கள். நாங்கள் போனபோதும் மோ இ டேங்கில் கொடி பறந்தது. பக்கத்தில் பதுங்கு குழி, அதைக் குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள், பெற்றவர்கள் படம் எடுத்தார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்தே நடந்து போய்ப் பார்க்கலாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் கம்போடியாவின் பெயரில் கோயில் ஏறியதும் பிரச்சினை மூண்டு, 2011இல் பீரங்கிவரை போனது. இந்தப் பிரச்சினையில் வழி அடைபட்டது. ஆகவே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்ததுதான். மரத்துக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கோபுர வாசல் ஒன்று. கொடி ஒன்று. அசைகிற ஒரு ஆள். க்மேர் மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் குரு திவாகர பண்டிதர் அந்த மலை ஈசனுக்குப் பொன்னில் ஒரு ஆடும் சிவனைச் செய்துகொடுத்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. பொன் ஆயிற்றே, எப்போதோ போய்விட்டது. காக்கா தொலைநோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தார். "மேல ஒரு கடை இருக்கு தம்பி, குடை வெச்சிருக்கான்" என்றார்.

திரும்பி வந்தோம். மார்கழி பிறந்தது. பாங்காக் ராட்சத ஊஞ்சலுக்குப் பக்கத்திலுள்ள அரசவைப் பிராமணர் கோயிலில் வருடா வருடம் திருவெம்பாவையை உருமாறிப்போன உச்சரிப்பில் பாடுவார்கள். கேட்கப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம், போகவில்லை.

2025 ஜூலை 24 காலையில் லெக் வேலைக்கு வரவில்லை. சண்டை தொடங்கிய இடம் கோழித் தாத்தா கோயிலுக்குப் பக்கம். சுரின், சிசகேத் கிராமங்களில் ராக்கெட் விழுந்தது. கந்தரலக் வட்டாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் விழுந்து ஆட்கள் செத்தார்கள். லெக்கின் அம்மாவைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைத்தார்கள். ஐந்து நாளில் நின்றது. டிசம்பரில் மறுபடி தொடங்கி 27ஆம் தேதி நின்றது. இரண்டு தடவையும் அந்த அம்மா மூட்டை கட்டிப் போய்த் திரும்பினார். கோழிகள் போய்விட்டனவாம்.

போன வாரம் மதியம், தரம் பிரிக்கும் மேசையில் லெக்கும் நானும் மட்டும் இருந்தோம். தட்டில் சின்ன நீலங்கள். திடீரென்று, "அந்தப் பையன் கல் அசலா?" என்று கேட்டார். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. இல்லை, செயற்கை என்றேன்.

லெக் சாமணத்தால் ஒரு கல்லை ஒதுக்கினார்.

"நீங்க நிறம் நல்லா இருக்குன்னு சொன்னப்பவே நினைச்சேன். நான் அவன்கிட்ட அதைச் சொல்லலை. 'அசல் பைலின் கல்லு, அப்பா ஏமாத்தலை'ன்னு சொல்லிட்டேன்."